பெருங்கருணை கொடுத்த ஆறு மாத ஓய்வு

கடன் கொடுத்தவன் போன் போட்டு, இந்த மாதம் தயவுசெய்து தவணை கட்டாதே என்று கெஞ்சியதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? சாலவாக்கம் குமரேசன் கேட்டிருக்கிறான். அதுவும் ஒரே வாரத்தில் மூன்று முறை. மூன்றாவது முறை அவன் சரி என்று சொல்லித் தொலைத்ததால்தான் இந்தக் கதையை நான் எழுத வேண்டியிருக்கிறது.

குமரேசன் பந்தல்காரன். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுதல், சாவு என்று எது நடந்தாலும் ஷாமியானா கட்டி நாற்காலி போடுகிறவன். 2018 டிசம்பரில் பெருங்கருணை ஃபைனான்ஸின் உத்திரமேரூர் கிளையில் மூன்று லட்சம் வாங்கி, முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஷாமியானா, ஒரு ஜெனரேட்டர் என்று பெரிய ஆளானான். மாதத் தவணை ஒன்பதாயிரத்து நானூறு. ஐந்தாம் தேதி பேங்கிலிருந்து நிறுவனம் உருவிக்கொள்ளும் என்பதால் மனைவி பிருந்தா நாலாம் தேதியே போய்ப் போட்டுவிட்டு வருவாள். பதினைந்து தவணை இப்படிக் கட்டியாகிவிட்டது. பாக்கி முப்பத்தாறு.

அப்போதுதான் கொரோனா வந்தது, ஊர் பூட்டப்பட்டது, கடன்காரர்கள் விரும்பினால் மூன்று மாதம் தவணையைத் தள்ளிப் போடலாம் என்று அறிவிப்பும் வந்தது. மறுநாள் கிளை மேலாளர் மோகன்குமார் போன் செய்தார்.

"குமரேசன், உங்களுக்கு ஓய்வு வந்திருக்கு."

"எனக்கு ஒடம்பு நல்லாத்தான் சார் கீது."

"உடம்புக்கு இல்லைங்க, தவணைக்கு. மூணு மாசம் கட்ட வேண்டாம்."

"மாசி முகூர்த்தத்துல வந்த துட்டு இருவத்தெட்டாயிரம் சொச்சம் கையில கீது சார். மூணு மாசத்துக்கு அத்த வச்சுக் கட்டிடறேன்."

மோகன்குமார் பதறிப்போனார். "அவசரப்பட்டுக் கட்டிடாதீங்க! நானூறு பேருக்கு ஓய்வு கொடுக்கணும்னு எனக்கு டார்கெட். முன்னூத்தி அறுபதுதான் ஆயிருக்கு. உங்கள மாதிரி நல்ல மனுஷங்களே கட்டினா நான் எங்க போவேன்?"

பிப்ரவரி வரை வசூலுக்கு டார்கெட் வைத்திருந்த நிறுவனம் ஏப்ரலில் வசூலிக்காமல் இருப்பதற்கு டார்கெட் வைத்தது. கருணை ஒரு பெயர்ப்பலகையிலேயே இருந்தால் இதுதான் சங்கடம், அதையும் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. மூன்றாவது போனில் குமரேசன் இளகினான். பாவம், ஒரு மேலாளர் தன்னிடம் இவ்வளவு கெஞ்சுவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏன்யா, நாம ஓய்வெடுத்தா வட்டியும் ஓய்வெடுக்குமா? அத்த கேட்டியா?" என்றாள் பிருந்தா.

"அவ்ளோ பெரிய ஆபீசர் கெஞ்சிக்கினு கீறாரு. அவரான்ட போயி வட்டி கிட்டின்னு எப்படிக் கேக்கறது?"

ஓய்வு வேண்டும் என்பவர்கள் கிளைக்கு நேரில் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஊரடங்கை முன்னிட்டுக் கிளையை மூடிவைக்க வேண்டும் என்பதும் விதி. குமரேசன் இரண்டு போலீஸ்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் காவலாளி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஃபாரம் உள்ள கீது. சாவி மேனேஜரான்ட கீது. மேனேஜரு வூட்ல கீறாரு. உனுக்கு இன்னா வோணும்?"

"ஓய்வு வோணும்."

"எனக்குந்தாம்பா வோணும்" என்றார் காவலாளி. கடைசியில் மோகன்குமாரே குமரேசனின் கையெழுத்தைப் போட்டு டார்கெட்டை முடித்துக்கொண்டதாகப் பிற்பாடு தெரிந்தது. ஆனால் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. அது ஏப்ரல் ஐந்தாம் தேதியும் மே ஐந்தாம் தேதியும் பேங்கில் போய்த் தவணையைத் தேடியது, கிடைக்காமல் திரும்பியது, திரும்பிய கூலியாகத் தடவைக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாயைக் குமரேசன் பேரில் எழுதிவைத்தது. கையிலிருந்த இருபத்தெட்டாயிரமோ அரிசியாகவும் பருப்பாகவும் மாமனாரின் சர்க்கரை மாத்திரையாகவும் கரைந்துபோனது.

மூன்று மாதம் ஆறு மாதமானது. ஜூலையில் நிறுவனம் ஒரு ‘ஓய்வு விளக்கக் கூட்டம்’ நடத்த முடிவு செய்தது. அதற்கு ஷாமியானா, மைக் செட், ஐம்பது நாற்காலி போட குமரேசனையே கூப்பிட்டார்கள். நான்கு மாதம் கழித்து வந்த முதல் வேலை. வழக்கமாக வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் வாங்காமல் அவன் ஒரு குச்சியைக்கூட நட மாட்டான். ஆனால் கடன் வாங்கிய இடத்தில் முன்பணம் கேட்பது எப்படி என்று வாயை மூடிக்கொண்டான்.

சென்னையிலிருந்து மண்டல மேலாளர் தணிகைவேல் வந்திருந்தார். சுண்ணாம்பு வட்டத்துக்கு ஒன்றாகப் போட்ட நாற்காலியில் கடனாளிகள் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தணிகைவேல் மைக்கைத் துடைத்துவிட்டுப் பேசினார்.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! இந்த நோய் ஏழை பணக்காரன் என்று பார்க்கவில்லை. நம் நிறுவனமும் பார்க்கவில்லை, எல்லாருக்கும் ஒரே வட்டிதான். பஸ் நின்றது. ரயில் நின்றது. கோயில் நடை சாத்தினார்கள். ஆனால் வட்டி? ஒரு நாள்கூட லீவு போடவில்லை! ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கிலும் அது உங்களுக்காக உழைத்துக்கொண்டே இருந்தது. நீங்கள் ஓய்வெடுத்தீர்கள், அது ஓய்வெடுக்கவில்லை. அந்த உழைப்பை மதிக்க வேண்டாமா?"

மோகன்குமார் முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். குமரேசன் மைக் செட் பக்கத்திலிருந்து எழுந்தான்.

"சார், எனக்கு முப்பத்தாறு தவணை பாக்கி கீது. ஆறு மாசம் நிறுத்திட்டு, அக்டோபர்லேர்ந்து அதே முப்பத்தாறு கட்னா கணக்கு தீந்துடும், அதானே?"

தணிகைவேல் குழந்தையைப் பார்ப்பதுபோல் சிரித்தார். "கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துவிடும் தம்பி. உங்களுக்கு இனி நாற்பத்து மூன்று தவணை."

"ஏழு தவணை கூட வருதே. எதுக்கு சார்?"

"ஆறு மாதம் நிம்மதியாக இருக்கிறீர்களே, அதற்கு."

குமரேசன் அதுவரை கழிந்த மாதங்களில் நிம்மதியாக இருந்த நாளை யோசித்துப் பார்த்தான். மாமனாருக்கு மாத்திரை தீர்ந்த அன்றா, ஜெனரேட்டரை எலி கடித்த அன்றா என்று அவனுக்கு விளங்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் முடிந்ததும் நான்காயிரத்து எண்ணூறுக்கு பில் கொடுத்தான். மோகன்குமார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பாஸ் ஆயிடும். ஆனா ஒண்ணு, கம்பெனியும் இப்ப ஓய்வுல இருக்கு. வெளிய யாருக்கும் பணம் கொடுக்கறதை நிறுத்தி வச்சிருக்கோம்."

"செரி சார். அது வரைக்கும் வட்டி போட்டுக் குடுப்பீங்களா?"

"சேச்சே, அப்படி ஒரு பழக்கமே கம்பெனில கிடையாது" என்றார் மோகன்குமார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

நவம்பரில் இன்னொரு விழா. வட்டிக்குப் போட்ட வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. குமரேசனுக்கு வர வேண்டியது ஆயிரத்து நானூற்று எண்பது. அதை ஒரு கதவளவு அட்டையில் காசோலையாக எழுதி, சால்வை போர்த்தி, தணிகைவேல் கையால் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். பந்தல் குமரேசனுடையது, வாடகை ஆறாயிரம், பில் பாஸாகும். அட்டைக் காசோலையை மேடையை விட்டு இறங்கும்போதே அடுத்த ஆளுக்காகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நிஜப் பணம் கணக்கில் ஏறிய அன்றே, தவணை கிடைக்காமல் கம்ப்யூட்டர் திரும்பி வந்த கூலி ஆயிரத்து நூற்று எண்பதும், விழாப் பங்களிப்பு முந்நூறும் கழிந்தன. மிச்சம் சைபர். கணக்கு என்றால் இப்படித்தான் பிசிறில்லாமல் இருக்க வேண்டும்.

இருந்தாலும் குமரேசன் விடவில்லை. ஐம்பது பேர் கல்யாணம், நூறு பேர் கல்யாணம் என்று பாதி வாடகைக்கு ஓடினான். பிருந்தா தன் கம்மலை வாலாஜாபாத் சேட்டுக் கடையில் வைத்தாள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு தவணை, அறுபத்தைந்தாயிரத்து எண்ணூறு ரூபாய் கட்டினார்கள். கட்டி முடித்துவிட்டுப் பாக்கி எவ்வளவு என்று கேட்டால், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றது கம்ப்யூட்டர். ஓய்வு தொடங்கிய அன்று இருந்த பாக்கியும் அதேதான். பிருந்தா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏழு மாசம் வயித்தக் கட்டி, போன வருஷத்துக்கு வந்து சேந்துக்கீறோம்" என்றாள். அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

வைகாசி முகூர்த்தங்களை நம்பியிருந்தார்கள். பதினோரு கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. மே மாதம் மறுபடி ஊர் பூட்டப்பட்டதும் பதினொன்றையும் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகு வந்தது சாவு மட்டும்தான். அது நிறைய வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும், துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்கார நாற்காலி வேண்டும். பந்தல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் வாடகை பேச மாட்டார்கள். கேட்டதும் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர்களாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்வது. அந்த மே, ஜூனில் பல வீடுகளில் பதினாறாம் நாள் பணம் கொடுக்க வேண்டிய ஆளே போய்விட்டிருந்தான். குமரேசன் யாரையும் கேட்கவில்லை.

இரண்டு தவணை நின்றது. இந்த முறை ஓய்வுக்கு யாருக்கும் டார்கெட் வைக்கவில்லை. ஜூன் கடைசியில் மோகன்குமார் லாரியோடும் பட்டியலோடும் வந்தார்.

"நாற்காலி முன்னூறுன்னு போட்டிருக்கு. இங்க நூத்தி எண்பதுதான் இருக்கு?"

"மீதி காவாந்தண்டலத்துல செங்கேணி வூட்ல கீது சார். அவரு தம்பி தவறிட்டாரு."

நிறுவனம் மனிதாபிமானம் மிக்கது. செங்கேணி வீட்டு வாசலில் லாரியின் இன்ஜினை அணைத்துவிட்டு, மோகன்குமார் செருப்பைக் கழற்றி, தம்பியின் படத்துக்குக் கைகூப்பினார். உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பக் கூடாது என்று ஆட்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனால் யாராவது எழுந்தால் நாற்காலி லாரியில் ஏறிவிடும். அழுதுவிட்டு முகம் கழுவப் போனவள் திரும்பி வந்தபோது அவளுடைய நாற்காலி இல்லை. மாமன்காரர் ஒருவர் டீ வாங்க எழுந்தார், அதுவும் போயிற்று. விஷயம் புரிந்த கிழவர்கள் ஒண்ணுக்குக்கூட எழாமல் மூன்று மணி நேரம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்கள். செங்கேணி மட்டும் மோகன்குமாரிடம் வந்து, "சார், பாதி நாளு போயிடுச்சு, ரெண்டு வாய் நாஷ்டா துன்றீங்களா?" என்று கேட்டார். மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டு பட்டியலைச் சரிபார்த்தார்.

ஜூலையில் ஏலம். ஏலத்துக்கும் பந்தல் வேண்டும் அல்லவா? ஏலம் போகிற ஷாமியானாவையே கிளை வாசலில் கட்டி, ஏலம் போகிற நாற்காலிகளையே போட்டு, கட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று குமரேசனையே கூப்பிட்டு அனுப்பினார்கள். அவனும் போய்க் கட்டினான். வேறு யாராவது கட்டினால் துணி கிழிந்துவிடும் என்று பயந்தான், அவன் புத்தி அப்படி. சுற்றுவட்டாரப் பந்தல்காரர்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் சாமான் அடுத்த மாத ஏலப் பட்டியலில் இருந்தது.

பிருந்தா முன்வரிசையிலிருந்து எழுந்தாள். "சார், மூணு லட்சத்துல அறுவதாயிரம் அசலு கட்டிக்கீறோம். அஞ்சுல ஒரு பங்கு. அப்ப முன்னூறுல அறுவது நாக்காலி எங்களுது. அத்த எட்த்துக் குட்த்துட்டு மீதிய ஏலம் வுடுங்க."

தணிகைவேல் பொறுமையாகச் சொன்னார். "அசல் கட்டினால் கடனில்தான் குறையும் அம்மா. கடைசித் தவணை வரைக்கும் எல்லா நாற்காலியின் நாலு காலும் நிறுவனத்துடையது."

"அப்ப ஒங்க மீட்டிங்குக்கு ரெண்டு தபா எங்களான்ட வாடக பில்லு இன்னாத்துக்கு வாங்குனீங்க? ஒங்க நாக்காலிக்கு நீங்களே வாடக குடுப்பீங்களா?"

"கொடுக்கவில்லையே" என்றார் தணிகைவேல். "பாஸாகாத பில்லை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது."

யாரும் ஏலம் கேட்கவில்லை. விதிப்படி நிறுவனமே எல்லாவற்றையும் நாற்பதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டது. அதைக் கழித்து, லாரி வாடகையையும் ஏலச் செலவையும் சேர்த்து, இன்னும் இரண்டு லட்சத்து இருபத்தாறாயிரம் பாக்கி என்று குமரேசன் கையில் காகிதம் கொடுத்தார்கள். ‘பெருங்கருணை நிகழ்ச்சி ஏற்பாடு’ என்ற புதுப் பிரிவும் அன்றே தொடங்கியது. ஷாமியானா, நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்.

ஆகஸ்டில் ஒரு பகல் மோகன்குமார் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. வாலாஜாபாத்தில் அவருடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஜனம் வெயிலில் நிற்கிறது.

"நாக்காலி எல்லாம் ஒங்க ஆபீஸ்லதானே சார் கீது?"

"கேட்டுட்டேன் குமரேசன். தணிகைவேல் சார்கிட்டயே கேட்டேன். என் துக்கத்துல கம்பெனி பங்கெடுத்துக்குதாம். பாதி முன்பணம், நாற்காலிக்கு நூறு ரூபா டெபாசிட், ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்து. ஜிஎஸ்டி தனியாம்."

சாவு வீட்டில் முன்பணம் கேட்ட பந்தல்காரன் அந்த வட்டாரத்தில் அதுவரை கிடையாது. குமரேசன் கொல்லையில் கிடந்த எட்டு மூங்கிலையும் ஒரு பழைய தார்ப்பாயையும் தெரிந்தவர் வண்டியில் ஏற்றினான். பிருந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நம்ம நாக்காலிய சாவு வூட்லேர்ந்து உருவிக்கினு போன ஆளு அவரு!"

"அவுங்க அப்பாவா உருவுனாரு?" என்றான் குமரேசன். வாலாஜாபாத் போய், வாசலில் தார்ப்பாயைக் கட்டி, அக்கம்பக்கத்தில் பெஞ்சு கேட்டு வாங்கிப் போட்டான். உடலை எடுக்கும்வரை நிழல் நின்றது. எவ்வளவு என்று மோகன்குமார் கேட்டபோது, பதினாறு கழியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

பதினேழாம் நாள் மோகன்குமார் சாலவாக்கம் வந்தார். மொட்டைத் தலை. ஒரு கையில் இரண்டாயிரம் ரூபாய், இன்னொரு கையில் ஒரு காகிதம். பணத்தைக் கொடுத்தார். காகிதத்தைக் கொடுக்க முடியாமல் நின்றார்.

"இன்னா சார் அது?" என்றாள் பிருந்தா.

"லீவு எடுத்ததுக்கு ஆதாரம் கேட்டாங்க. அப்பாவ வாசல்ல கிடத்தியிருந்த போட்டோவ அனுப்பினேன். அதுல பந்தல் தெரிஞ்சுடுச்சு. கடன்காரர் மறைச்சு வச்ச சொத்து, உடனே எடுத்துக்கிட்டு வரணும்னு உத்தரவு. எட்டு மூங்கில், ஒரு தார்ப்பாய்." அவர் கண் கலங்கியது. "நான் எடுக்கலைன்னா என் வேலை போயிடும்மா."

குமரேசன் கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயை உதறி நான்காக மடித்தான், மூங்கில்களைக் கயிற்றால் கட்டினான், வாசலில் கொண்டுவந்து வைத்தான். பிருந்தா அந்த இரண்டாயிரத்தையும் தார்ப்பாய் மேலேயே வைத்தாள்.

"இத்தயும் எட்த்துக்கினு போங்க. ஒண்ணு மட்டும் ஒங்க பெரியவரான்ட சொல்லுங்க சார். என்னிக்காவது ஒரு நாளு ஒங்க கம்பெனி சாவும். அன்னிக்கு மறக்காம ஆளு அனுப்பச் சொல்லுங்க. வாடக பேசாம வந்து பந்தலு போடறோம்."

மோகன்குமார் பேனாவை எடுத்தார். படிவத்தில் ‘வாடிக்கையாளர் கூறியது’ என்று ஒரு கட்டம் இருந்தது, அதைக் காலியாக விடக் கூடாது. நிறுவனத்தின் எதிர்கால நிகழ்ச்சிகளுக்கு முழு ஒத்துழைப்பு தருவதாகக் கூறினார் என்று எழுதி, பிருந்தாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.